மாப்பிள்ளைக் குதிரையின் பிள்ளை

சடையங்குப்பத்தில் கார்குழலி வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். குதிரைக்காரம்மா வீடு என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளை ஊர்வலம் என்றால் முக்கால்வாசி அவளுடைய வெள்ளைக் குதிரை மேனகாதான். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பவள் குழலி. பயத்தில் பிடரியைக் கட்டிக்கொள்ளும் மாப்பிள்ளைகளை அவள் சும்மா விடமாட்டாள். "இன்னா நைனா, குதிரைக்கே இப்டி நடுங்குனா நாளைலேந்து இன்னா பண்ணப் போற?" என்று பெண்வீட்டார் காதில் விழும்படி கேட்பாள். மாப்பிள்ளை ரோஷம் வந்து நிமிர்ந்து உட்காருவார்.

நான் ஐரீன். மாத்தூரில் தையற்கடை வைத்திருக்கிறேன். மேனகாவின் ஜரிகைப் போர்வை, நெற்றிப்பட்டம், வயிற்றுப் பட்டை எல்லாம் என் கைவேலை. குழலிக்கும் எனக்கும் உள்ள பழக்கம் பாதி டீ, பாதி சண்டை.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை, மேனகாவுக்கு ஒரு வெள்ளைக் குட்டி. மேனகாவுக்கு வயதாகிக்கொண்டு வந்தது. வெளியூரிலிருந்து இன்னொரு குதிரை வாங்க அவளால் ஆகாது. ஊர்வலத் தொழில் அவளிடம் நிலைக்க வேண்டுமானால் அடுத்த குதிரை மேனகா வயிற்றில்தான் பிறக்க வேண்டும். அதற்காக ஒரு வருஷம் ஐப்பசியில் மாதவரத்துப் பக்கம் ஓர் ஆண்குதிரையிடம் கூட்டிப்போய் வந்தாள். அன்றிலிருந்து மேனகாவுக்கு ராஜ உபசாரம்.

அடுத்த மாதமே, கார்த்திகையில், வெள்ளம் வந்தது. சடையங்குப்பத்தில் வழக்கம்போல வீட்டுக்குள் தண்ணீர். குழலி குதிரையை இழுத்துக்கொண்டு மாத்தூர் மேட்டுக்கு வந்து யாசின் பாயின் கொட்டகையில் கட்டினாள். வண்டி நுழையாத சந்துகளுக்குக் கழுதைமேல் செங்கல், மணல் ஏற்றிப்போகிறவர் அவர். அவருடைய ஆண்கழுதை நவாப்பும் அதே கொட்டகையில்தான். தண்ணீர் வடிந்து சேறு காய்கிறவரை இரண்டும் ஒரே தொட்டியில் தின்றன. வெடிச்சத்தத்துக்கு மிரளும் மேனகா, நவாப் பக்கத்தில் மட்டும் சாதுவாக நின்றது. நல்ல துணை கிடைத்தது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். அதற்குமேல் யாருக்கும் தோன்றவில்லை. மாப்பிள்ளையைச் சுமக்கிற குதிரை, மண் சுமக்கிற கழுதையை ஏறெடுத்துப் பார்க்குமா என்ற நினைப்பு.

மாசியில் கால்நடை மருத்துவர் மகிழினி வந்தார். கையை விட்டுப் பார்க்க மேனகா விடவில்லை. உதைத்த உதையில் மருந்துப்பெட்டி சாக்கடையில் விழுந்தது. அதனால் ரத்தம் எடுத்து அனுப்பினார். சினையான குதிரையின் ரத்தத்தில் அந்தச் சமயத்தில் ஒரு ஹார்மோன் ஏராளமாக இருக்குமாம். மேனகாவிடம் அது இல்லை என்று முடிவு வந்தது. குழலி என் கடையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "போவட்டும்க்கா" என்று வைகாசிக் கல்யாணங்களுக்கு மேனகாவைக் கிளப்பினாள்.

ஆனியில் வயிற்றுப் பட்டை எட்டவில்லை என்று வந்தாள். ஒட்டுப் போட்டுக் கொடுத்தேன். ஆடியில் மறுபடியும் வந்தாள். "கொள்ளு போடறதக் குறைடி! உன்கிட்ட கீறது குதிரையா, யானையா?" என்று திட்டிவிட்டு, நானே போய் அளவெடுக்க வயிற்றில் கைவைத்தேன். உள்ளிருந்து ஏதோ என் உள்ளங்கையை இடித்தது. பிள்ளை பெற்றவளுக்கு அந்த இடி தெரியாதா? டேப்பைப் போட்டுவிட்டு, "டாக்டரம்மாவக் கூப்புடு!" என்று கத்தினேன்.

இந்த முறை யாசின் பாயும் ஆட்களும் பிடித்துக்கொள்ள, மகிழினி கையை விட்டுப் பார்த்தார். "குட்டி இருக்கு. நல்லாவே இருக்கு" என்றார். கை கழுவும்போது யோசித்து, "இதுகூடக் கழுதை ஏதாவது இருந்துச்சா?" என்று கேட்டார்.

குழலிக்கு வந்ததே கோபம். "இன்னா டாக்டரம்மா பேசறே? எங்க மேனகாவ இன்னான்னு நெனச்சுக்கினே? ஆம்பளக் குதிரைக்கே அது மூஞ்சி குடுக்காது!"

யாசின் பாய் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கோச்சுக்காதீங்க. இதை நான் அப்பவே கேட்டிருக்கணும்" என்றார் மகிழினி. பிறகு பொறுமையாக விளக்கினார். குட்டியின் நஞ்சுக்கொடியிலிருந்து புறப்படும் செல்கள் தாயின் கருப்பைச் சுவரில் குடியேறி, சின்னச் சின்னக் கிண்ணங்கள்போல வளருமாம். அந்த ஹார்மோன் அவற்றில்தான் சுரக்கிறது. தகப்பன் குதிரையென்றால் நிறையச் சுரக்கும். கழுதையென்றால் தாயின் உடம்பு கிண்ணங்களைச் சீக்கிரமே அழித்துவிடும், ஹார்மோனும் கொஞ்சமாக வந்து வற்றிவிடும். ரத்தப் பரிசோதனை ஏமாந்தது அப்படித்தான்.

"அது வத்திப்போனா குட்டி எப்டிம்மா தங்குச்சு?" என்றாள் குழலி.

"சினையைத் தாங்குற ஹார்மோன் வேறம்மா. முதல்ல அதைச் சினைப்பை சுரக்கும். அப்புறம் நஞ்சுக்கொடியே அந்த வேலையை எடுத்துக்கும்."

"ஃபஸ்ட் ஷிஃப்டு வூட்டுக்குப் போச்சு, செகண்டு ஷிஃப்டு வந்துடுச்சு" என்றேன் நான். மணலிக் கம்பெனிகளை நம்பிப் பிழைக்கிற ஊரில் இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

"அதேதான். ஆனா இனிமே இது மேல யாரையும் ஏத்தக்கூடாது."

ஆவணி முழுக்க முகூர்த்தம். மேனகாவை நிறுத்தினால் அந்தப் பருவமே போச்சு. அதுவும் கோவேறு கழுதைக் குட்டிக்காக. அதன்மேல் எந்த மாப்பிள்ளை ஏறுவார்? குழலி வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவள் மேனகாவின் வயிற்றில் காதை வைத்து வெகுநேரம் நின்றாள். "ஒண்டியா ஷிஃப்டு பாத்துக்கினு கீது என் தங்கம். அத்தப் போய் தெருவுல ஓட்டுவேனா?" என்றாள். கல்யாண வீடுகளுக்கெல்லாம் வரமுடியாது என்று சொல்லிவிட்டு, சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் கடைகடையாக டீ கொடுக்கப் போனாள். எனக்கு அவள்மேல் அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

மார்கழியில் ஒரு காலையில் குட்டி பிறந்தது. சாம்பல் நிறம், முகத்துக்குப் பொருந்தாத காதுகள். யாசின் பாய் வாழைத்தாரோடு வந்து "சம்பந்தி!" என்று பல்லைக் காட்ட, குழலி வாளியைத் தூக்கிக்கொண்டு துரத்தினாள். ஆனால் குட்டிக்குச் சோட்டா என்று பெயர் வைத்துக் கொஞ்சினாள். ஊர் சிரிக்கும் என்ற வெட்கம் மட்டும் போகவில்லை. குட்டிக்குக் குளிருகிறது என்று சொல்லி, காதை மூட என்னிடம் ஒரு குல்லாய் தைத்துக்கொண்டாள். சித்திரை வெயிலிலும் சோட்டாவுக்குக் குளிர்தான்.

வைகாசியில் மேனகா மறுபடி ஊர்வலத்துக்குக் கிளம்பியது. நானும் கூடப் போனேன். குட்டி வராமல் ஓரடி நகரமாட்டேன் என்று அது அடம்பிடிக்க, சோட்டாவும் குல்லாயோடு பின்னால் வந்தது. ஊர்வலம் தெருமுனை தாண்டுவதற்குள் யாரோ சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். மேனகா மிரண்டு முன்கால்களைத் தூக்கியது. மாப்பிள்ளை ஒரு பக்கமாகச் சரிந்தார், பெண்கள் அலறினார்கள். சோட்டா மட்டும் அலட்டிக்கொள்ளாமல் முன்னால் வந்து, தாயின் மார்போடு ஒட்டி நின்று, தொங்கிய மாலையைத் தின்ன ஆரம்பித்தது. மேனகாவின் நடுக்கம் அடங்கியது. குல்லாய் தரையில் கிடந்தது.

"இன்னாமே இது, கழுதையா?" என்றார் பெண்ணின் மாமன்.

பேண்டுகாரர்கள்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். குழலி குனிந்து குல்லாயை எடுத்தாள். மாட்டிவிடப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கோவேறு கழுதை. அம்மா மேனகா, அப்பன் யாசின் பாய் வூட்டு நவாப்பு. என் வூட்டுப் புள்ள. இன்னா இப்போ?"

மேலே இருந்த மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். "அக்கா, தை மாசம் என் தம்பி கல்யாணம். இவனையும் இட்டாந்துடு. இவன் இருந்தாத்தான் உன் குதிரை என்னியத் தள்ளாம கீது."

மறுநாள் குழலி கடைக்கு வந்து குல்லாயை மேசையில் போட்டாள்.

"இத்தப் பிரிச்சு, சோட்டாவோட ரெண்டு காதுக்கும் ஜரிகைக் குஞ்சம் தச்சுக் குடுக்கா. தூரத்துலேந்தே தெரியணும்."