திரையில் இறங்காத துண்டு

எங்கள் அத்தை விழுப்புரம் பெரியாஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள் என்று அப்பா பண்ணைக்காரரிடம் சொன்ன அதே நாளில், அத்தை திண்டிவனம் ரோட்டில் கையை உயர்த்திக் கோஷம் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு ஆள் தள்ளி அப்பாவும் நடந்துகொண்டிருந்தார்.

பொய் சொல்லக்கூடாது என்று தினமும் உங்களிடம் சொல்கிற நானே கதையை இப்படி ஆரம்பிக்கிறேன் பிள்ளைகளே. என்ன செய்வது, நடந்தது அப்படி.

எண்பதுகளில் நடந்தது இது. ஒலக்கூர் பக்கத்துக் கிராமங்களில் கூலிவேலை செய்தவர்கள் எல்லாரும் சேர்ந்து திண்டிவனம் வரைக்கும் ஊர்வலம் போனார்கள். கூலியை ஏற்றிக் கொடு, டீக்கடையில் எங்களுக்கென்று தனி கிளாஸ் வைக்காதே, தோளில் கிடக்கும் துண்டை இறக்கச் சொல்லாதே என்று கேட்டுத்தான் போனார்கள். வேலையை விட்டுவிட்டு ஊர்வலத்துக்குப் போகிறேன் என்று அப்பாவால் சொல்ல முடியாது. எங்கள் குடிசை நின்ற மனை பண்ணைக்காரருடையது. அதனால் அத்தைக்கு நோய் வந்தது. நோயாளிக்கென்று பண்ணைக்காரர் வீட்டிலிருந்து சாத்துக்குடிகூடக் கொடுத்தனுப்பினார்கள். நானும் தங்கையும் உரித்துத் தின்றோம்.

துண்டு விஷயம் உங்களுக்குப் புரியாது. அப்போதெல்லாம் அப்பாவைப் போன்றவர்கள் பண்ணைக்காரர் முன்னால் தோளில் துண்டோடு நிற்க முடியாது. அவரைக் கண்டதும் துண்டு கக்கத்துக்குப் போய்விட வேண்டும். முதுகும் கொஞ்சம் வளைய வேண்டும். எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை, ஆனால் எல்லாருக்கும் மனப்பாடம். மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கும் மும்முரத்தில் இருக்கும் அப்பாவுக்குப் பண்ணைக்காரரின் புல்லட் வண்டிச் சத்தம் காதில் விழாது. வரப்பில் தங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எனக்கு விழும். "அப்பா, துண்டு!" என்று குரல் கொடுப்பேன். அவர் சட்டென்று இறக்கிவிடுவார். அம்மா என்னை மெச்சிக்கொள்வாள். எனக்கு அது ஒரு உத்தியோகம் மாதிரி.

அந்த ஊர்வலத்தைச் சென்னையிலிருந்து வந்த இரண்டு பேர் கூடவே நடந்து படம் எடுத்திருந்தார்கள். சில மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அதைக் காட்டப்போவதாகக் கூலிக்காரர் சங்கத்து ஆள் வீடுவீடாக வந்து சொன்னார். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது, நாமே வருகிற படம் என்றார்.

அம்மாவுக்கு அன்றைக்கே பயம் பிடித்துக்கொண்டது.

"இன்னாயா, நீ அதுல வந்திருந்தா இன்னா பண்றது?"

"அத்தினி ஜனத்துல நான் எங்க தெரியப் போறேன்? போய்ப் பாத்துக்கினு ஜல்தியா வந்துடலாம்."

"அவரு காதுக்குப் போச்சுன்னா ஊட்டப் பிரிச்சுக்கினு போன்னுவாரு. புள்ளைங்களத் தூக்கிக்கினு எங்க போறது?"

ஞாயிற்றுக்கிழமை அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு எங்களோடு கிளம்பினார்.

பள்ளிக்கூடத்து ஜன்னல்களில் கோணிப்பை கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். சுவரில் வெள்ளைத் துணி. அத்தை எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். "நான் படத்துல வந்துட்டா, ஆஸ்பத்திரியிலேர்ந்து ஓடியாந்துட்டேன்னு சொல்லிடுடா தம்பி" என்று அப்பாவின் முதுகில் தட்டினாள். அவள் மட்டும்தான் சிரித்தாள். ஏனென்றால் அப்போது வெளியே புல்லட் சத்தம் கேட்டது.

பண்ணைக்காரர் உள்ளே வந்தார். "நம்ம ஊர்ப் படமாமே, நாம பாக்கக் கூடாதா?" என்றார். முன்னால் நாற்காலி போட்டார்கள். நான் சொல்வதற்கு முன்பே அப்பாவின் துண்டு கக்கத்துக்குப் போயிருந்தது.

படம் ஓட ஆரம்பித்தது. புளியமரங்கள், ரோடு, புழுதிக் கால்கள். பிறகு முகங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் "தோ பாரு, நம்ம மேலத்தெரு மாமா!" என்று ஒரு கத்தல். நானோ ஒவ்வொரு முகமும் அப்பாவாக இருக்கக்கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். அம்மா என் மணிக்கட்டை வலிக்கும்படி பிடித்திருந்தாள்.

திடீரென்று துணி முழுக்க அத்தை, வாயை ஆவென்று திறந்துகொண்டு. கூட்டம் சிரித்தது. நாற்காலியில் இருந்தவர் சிரிக்கவில்லை. கேமரா அத்தையை விட்டு மெதுவாக நகர்ந்தது. ஒரு ஆள். இன்னொரு ஆள். அடுத்தது அப்பா.

தோளில் துண்டு. கழுத்து நிமிர்ந்திருந்தது. நேராக எங்களைப் பார்த்தே நடந்து வந்தார். அவருக்கு நேர் எதிரில் நாற்காலியில் பண்ணைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். அது தெரியாமல் அப்பா வந்துகொண்டிருக்கிறார்! பக்கத்தில் ஒரு அப்பா இருப்பதே எனக்கு மறந்துபோனது. எழுந்து நின்று திரையைப் பார்த்துக் கத்தினேன்.

"அப்பா, துண்டு! துண்டு!"

புரொஜெக்டர் ஓடும் கரகரப்பு மட்டும் கேட்டது. பண்ணைக்காரர் திரையைப் பார்த்தார், திரும்பி என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"உங்கப்பனுக்கு அங்க காது கேக்காதுடா கண்ணு" என்றாள் அத்தை. "அவன் ரோட்டுல போய்க்கினு இருக்கான்."

ஒரு மூலையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பண்ணைக்காரர் எழுந்து வாசலுக்குப் போனார். போகிற வழியில் அத்தையிடம் நின்றார். "இன்னா, ஒடம்பு தேவலையா?"

"தேவலைங்க. நீங்க குடுத்தனுப்பின சாத்துக்குடிதான் காப்பாத்துச்சு."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவர் அப்பா பக்கம் திரும்பி, "நாளைக்குக் காலையில வந்து பாரு" என்றார்.

காலையில் போனபோது மனையைக் காலி செய்யச் சொன்னார். சங்கத்துக்காரர்கள் கூரை தூக்கிவர, ஏரிக்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டோம். முதல் மழைக்கே உள்ளே தண்ணீர் வந்தது. நீங்களெல்லாம் பிறந்த வீடு அந்த இடத்தில் கட்டியதுதான்.

ஆனால் அன்று சாயங்காலம் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. ஒலக்கூர் பஸ்ஸுக்காக நின்றோம். அம்மா பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அடி விழும் என்று நான் அப்பாவை விட்டுத் தள்ளி நின்றேன். அவர் கையசைத்துக் கூப்பிட்டார். பயந்துகொண்டே போனேன். அம்மாவுக்குக் கேட்காதபடி குனிந்து கேட்டார்:

"நான் அவ்ளோ உயரமாடா?"

அடி இல்லை என்கிற சந்தோஷத்தில், அவருக்குப் புரியும்படி பொறுமையாக எடுத்துச் சொன்னேன். "இல்லப்பா. அந்தத் துணி பெருசு. அதான் அப்படித் தெரிஞ்சுது. நெஜத்துல நீ அவ்ளோ இல்ல."

"அப்படியா" என்றார் அப்பா.

சரியான பதில்தான் சொன்னேன் என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.