நெத்திலித் தவம்

பூந்தமல்லியில் ஷேர் ஆட்டோவை வேப்பமர நிழலில் ஒதுக்கிவிட்டு, ராயப்பன் தன் வலது கால் கட்டைவிரலிடம் பேசிக்கொண்டிருக்கிறார். “மாமே, இன்னும் ஒரே ட்ரிப்பு. அதுவரைக்கும் கம்முனு கெட.” பின்னால் ஏறியவர்கள், மனிதர் போனில் யாரோடோ பேசுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். பிரேக்கை மிதிப்பது அந்தக் கால்தான். ஐயப்பன்தாங்கல் போய்ச் சேர்வதற்குள் எத்தனை மிதி! ஒவ்வொரு மிதிக்கும் முகம் ஒரு பக்கமாகக் கோணும். சிரிக்கிறாராக்கும் என்று பயணிகளும் பதிலுக்குச் சிரித்துவைப்பார்கள்.

ஆள் நிறையும்வரை அவர் கண்கள் பாதி மூடியிருக்கும். செம்பரம்பாக்கம் ஏரியில் முழங்கால் அளவு தண்ணீர். அதில் அவர் பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கிறார். கால் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. நடந்து நடந்து, நனைந்த வேட்டியோடு கோயிலுக்குள்ளேயே வந்துவிடுகிறார். பீடத்தின் முன் பன்னிரண்டு நாற்காலிகள், ஒன்று காலி. “அண்ணாத்தே, வண்டி போவுமா போவாதா?” என்று யாராவது தோளைத் தட்டினால்தான் பூந்தமல்லிக்குத் திரும்புவார்.

நாற்காலிக் கதை இதுதான். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று, இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததுபோல, பங்குச் சாமியார் மண்டியிட்டு, பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவி முத்தமிடுவார். அதில் ஒருவராக உட்கார வருஷம்தோறும் ஆசைப்பட்டு, வருஷம்தோறும் ஏமாந்தவர் ராயப்பன். இந்த வருஷம் அவர் பெயரை வாசித்தார்கள். கோயிலிலேயே அழுதுவிட்டார், பாவம்.

பிறகு வந்தது வினை. முன்பொருமுறை விரல் வீங்கியபோதே, ரத்தத்தில் யூரிக் ஆசிட் ஏறி மூட்டில் படிகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆட்டுக்கறி, ஈரல், பீர் கூடாது. தினமும் ஒரு மாத்திரை, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒழுங்காகத்தான் போட்டுவந்தார். தவக்காலம் பிறந்தது, வீட்டில் கறி நின்றது. கறி நின்றதும் ராயப்பன் மாத்திரையையும் நிறுத்திவிட்டார். “கறியே துன்றதில்ல, மாத்திர இன்னாத்துக்கு?” மீனுக்குத்தான் தவக்காலத்தில் தடையில்லையே. காய்ந்துகிடந்த நாக்கைச் சமாதானப்படுத்த நெத்திலி வறுவல், நெத்திலிக் குழம்பு, நெத்திலிக் கருவாடு. அடேயப்பா, இப்படியும் ஒரு தவம்! பெரிய வியாழனுக்கு நாலே நாள் இருக்கையில், குருத்து ஞாயிறன்று விரல் தக்காளிப் பழமாகச் சிவந்து பளபளத்தது. ஃபேன் காற்று பட்டாலே அலறினார்.

“இது செலுவைமே. ஆண்டவரு குடுத்துகீறாரு,” என்றார் மனைவி ஆக்னஸிடம்.

ஆக்னஸ் அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். யூரிக் ஆசிட்டை ஏற்றுவதில் கறிக்கு நெத்திலி கொஞ்சமும் சளைத்ததில்லை என்றார் டாக்டர். இப்போதைக்கு வலிக்கு வேறு மருந்து. வலி அடங்கியதும் பழைய மாத்திரை. எந்த விரதத்திலும் அதை நிறுத்தக் கூடாது.

“ஆண்டவர வம்புக்கு இஸ்துகினு கெடந்தியே! நெத்திலி குடுத்த செலுவைய்யா இது,” என்று வழியெல்லாம் வாங்கு வாங்கென்று வாங்கினாள். அன்றிலிருந்து தட்டில் சுரைக்காயும் மோரும். ராயப்பன் கண்ணை மூடிக்கொண்டு சுரைக்காயை மெல்வார். வாய்க்குள் நெத்திலி மொறுமொறுக்கும்.

வியாழக்கிழமையும் வந்துவிட்டது. வலி குறைந்திருந்தது, வீக்கம் வடியவில்லை. வெளியே சொன்னால் நாற்காலி வேறு ஆளுக்குப் போய்விடும் என்ற பயம் அவருக்கு. ஆக்னஸ்தான் வழி சொன்னாள். “எடது கால நீட்டுய்யா. சாமியாரு இன்னா, எந்தக் காலுன்னா கேக்கப் போறாரு? அந்தக் கால்ல கை பட்டு நீ கத்தி வெச்சின்னா, மானம் பூடும்.”

அவருக்கும் அது சரியாகத்தான் பட்டது. பதினொரு வலது கால்கள் வரிசையாக நீண்டிருக்க, ராயப்பனின் இடது கால் மட்டும் முறைமாறி நீண்டது. வலது கால் வேட்டிக்குள் ஒளிந்திருந்தது. சாமியார் வந்து மண்டியிட்டார். பாதத்தில் தண்ணீர் விழுந்தது. ஜில்லென்று, ஏரித் தண்ணீரைப்போல. எத்தனை வருஷக் கனவு! ஆனால் மனம் ஏனோ குளிரவில்லை. சாமியார் துண்டால் துடைத்து, முத்தமிடக் குனிந்தார்.

ராயப்பன் காலை இழுத்துக்கொண்டார்.

“இது இல்ல சாமி.”

வேட்டியை விலக்கினார். கெண்டைக்காலை இரண்டு கைகளாலும் தாங்கித் தூக்கி, வீங்கிச் சிவந்த வலது பாதத்தைச் சாமியாரின் உள்ளங்கையில் மெல்ல வைத்தார்.