இரத்தம் எடுத்த பிறகு

இரத்தம் எடுக்கிற தாதியைக் கண்டால் ஊசிக்குப் பயந்தவர்கள் தெருவிலும் விலகிப் போவார்கள். என்னைப் போல இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அது புதிதில்லை. எங்கள் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் நடந்த ஒரு இரத்தப் பரிசோதனை முகாமுக்குப் பிறகு ஊசிக்குப் பயப்படாதவர்களும் என்னைக் கண்டு விலகினார்கள்.

ஆண்களுக்கான முகாம்

கனடாவில் இருக்கும் புங்குடுதீவுக்காரர் ஒருவர் விடுமுறையில் வந்திருந்தார். அவருடைய தகப்பன், ஆண்களுக்கு மட்டும் இருக்கிற புரஸ்ரேற் சுரப்பியில் வந்த புற்றுநோயால் இறந்தவர். தீவுகளில் ஐம்பது வயது தாண்டிய எல்லா ஆண்களுக்கும் அதற்கான இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும், செலவு தன்னுடையது என்றார். எங்கள் டொக்டர் தயங்கினார். நோய் இல்லாதவருக்கும் இரத்தத்தில் பார்க்கிற அளவு கூடிக் காட்டலாம், ஒரு தீங்கும் செய்யாத சின்னக் கட்டிக்கும் பெரிய வைத்தியம் செய்ய நேரலாம், அதற்கெல்லாம் யாழ்ப்பாணத்துக்கு அலையவேண்டும் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். வந்தவர் தலைகுனிந்து கேட்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார். அதற்குப் பிறகு டொக்டராலும் மறுக்க முடியவில்லை.

"என்ரை அப்பாவுக்கு ஒருத்தரும் பார்க்கேல்லை, டொக்டர்."

இல்லாத நோய்

கடற்றொழில் செய்யும் அந்தோனிப்பிள்ளை அண்ணைக்கு முகாமில் அளவு கூடியிருந்தது. யாழ்ப்பாணத்தில் ஊசியால் சதைத்துண்டு எடுத்தார்கள். அதிலே கிருமி தொற்றி, குளிரும் காய்ச்சலுமாக வார்ட்டில் கிடந்தார். மீன் நன்றாகப் படுகிற காலம் அது. வள்ளம் கரையிலேயே நின்றது. கடைசியில் புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தது. சுகமாகி வந்தவரிடம், "இப்ப நிம்மதிதானே அண்ணை?" என்று கேட்டேன்.

"ஓம் மிஸி. ஆனா மனுசி இன்னும் என்ரை முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுறாள்."

சின்னக் கட்டி

மடத்துவெளி சிவபாதம் மாஸ்டருக்கு இருந்தது உண்மையான புற்றுநோய்தான், மிகச் சின்னது. ஒன்றும் செய்யாமல் கவனித்து வந்தாலே போதும் என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். அவரால் அது ஏலவில்லை. உடம்புக்குள் அதை வைத்துக்கொண்டு நித்திரை வராது என்று சத்திரசிகிச்சை செய்துகொண்டார். கட்டி போய்விட்டது. ஆனால் அன்றுமுதல் சிறுநீர் கட்டுப்படவில்லை. வேட்டி நனைந்துவிடும் என்று கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். அவர் எப்படி இருக்கிறார் என்று மனைவியிடம் விசாரித்தேன்.

"கோயில் மணி கேட்டா எழும்பிறார், மிஸி. பிறகு திரும்பவும் கதிரையிலை இருந்திடுறார்."

வராதவர்

யேசுதாசன் முகாமுக்கு வரவில்லை. அடுத்த வருடம் முதுகுவலி என்று மகன் தாங்கிக்கொண்டு வந்தான். அதே புற்றுநோய் முள்ளந்தண்டுவரை போயிருந்தது. நான் ஊசி போடும்போது டொக்டரைக் கேட்டார், அன்றைக்கு வந்திருந்தால் தப்பியிருப்பேனா என்று. டொக்டர் கட்டிலில் அவர் பக்கத்தில் இருந்தார். சிலர் தப்புவார்கள், சிலர் தப்பமாட்டார்கள், நீங்கள் எந்தப் பக்கம் என்று தனக்குத் தெரியாது என்றார். யேசுதாசன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியாதெண்டு சொன்னது நல்லது. வீட்டிலை எல்லாரும் 'ஓம், தப்பியிருப்பாய்' எண்டுதான் சொல்லுகினம்."

யேசுதாசனின் செத்தவீட்டுக்குப் பிறகு கனடாக்காரர் தொலைபேசியில் அடுத்த முகாமைப் பற்றிக் கேட்டார். டொக்டர் நடந்ததையெல்லாம் சொன்னார். நெடுநேரம் பேசி, எல்லோருக்கும் இரத்தம் எடுப்பதில்லை, கேட்டு வருகிறவருக்கு நல்லது கெட்டது சொல்லி அவரே தீர்மானிக்கட்டும், சிறுநீர் போகாமல் சலக்கடுப்போடு இருப்பவர்களை யாழ்ப்பாணத்துக்கு ஏற்றிப் போக ஒரு வான் பிடிப்போம் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

இப்போது பரிசோதனை கேட்டு வருகிற ஒவ்வொருவரோடும் நல்லது கெட்டது என்று நான் கதைக்கிற கதையைப் பார்த்தால், அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருவது இரத்தம் எடுக்கவா எடுக்காமல் விடவா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.