கதிரை என்று நான் விளங்கிக்கொண்ட சொல்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஜூலை மாதம். மெல்பேர்னில் கிரான்பர்ன் பக்கம் நாங்கள் வீடு வாங்கிக் குடிபோன முதல் குளிர்காலம் அது. பக்கத்து வீட்டில், ஸ்பெயினிலிருந்து இளவயதில் வந்த ஓர் அம்மா தனியாக இருந்தார். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். ஒரே மகள் சிட்னியில் ஆசிரியை. வேலிக்கு மேலால் எலுமிச்சம்பழம் தருவார். நான் ரோல்ஸ் பொரித்தால் அவருக்கும் போகும். ஆங்கிலம் நன்றாகவே பேசுவார்.

அன்று காலை பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து காரை நிறுத்தும்போது, அவர் வீட்டுப் பின்பக்கம் முனகல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். உடுப்புக் காயப்போடும் கொடிக்குக் கீழே, ஈரப் புல்லில் விழுந்து கிடந்தார். முகம் வெளிறியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "கதேரா... கதேரா" என்றார். வலியில் ஆங்கிலம் அவரை விட்டுப் போய்விட்டது.

பதற்றத்தில் எனக்கும் அதே கதிதான்.

"கதிரையோ அன்ரி? பொறுங்கோ, கொண்டு வாறன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, அவருடைய குசினிக்குள் ஓடி, அவர் உட்கார ஒரு கதிரையைத் தூக்கிவந்து பக்கத்தில் வைத்தேன். அவர் கதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். அவர் மொழியில் அந்தச் சொல்லுக்கு இடுப்பு என்று அர்த்தம் என்பது அப்போதுதான் விளங்கியது. என் பிழை அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். அந்த வலிக்குள்ளும் சிரித்துவிட்டார்.

அம்புலன்சுக்கு அழைத்தேன். அவரை அசைக்க வேண்டாம் என்றார்கள். தூறத் தொடங்கியது. போர்வையால் மூடி, குடையைப் பிடித்தபடி அவருக்குப் பக்கத்தில் புல்லிலேயே இருந்தேன். அவர் தன் மொழியில் ஏதேதோ சொல்லிக்கொண்டே இருந்தார். மகளின் பெயர் நடுவில் வந்து வந்து போனது. நான் "ஓம் அன்ரி, ஓம்" என்றேன்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவர் கண் விழிக்கவில்லை. மகளின் விமானம் தரையிறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்து மகள் எங்கள் வீட்டுக்கு வந்தார். கொடுத்த தேநீரைத் தொடவில்லை. அம்மா கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் இருந்தது அந்தக் கதிரைக் கதை மட்டும்தான். தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

உங்கள் மொழிக்கு அந்தச் சொல் எப்படி வந்தது என்று கேட்டார். போர்த்துக்கேயர் இலங்கையில் விட்டுப்போனது என்றேன். அவர் ஸ்பானிய மொழி படிப்பிப்பவர். ஆதியில் கிரேக்கத்தில் இருக்கையைக் குறித்த சொல்லாம். லத்தீன் வழியாகப் போர்த்துக்கேயரிடம் போனது இருக்கையாகவே இருந்துவிட்டது. ஸ்பானியரிடம் போனதோ, இருக்கையில் படியும் இடுப்புக்குப் பெயராகிவிட்டது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனதுதான் என் பிள்ளைகள் சொல்லும் 'செயர்'. வகுப்பில் பாடம் எடுப்பதுபோலச் சொல்லிக்கொண்டு வந்தவர், பாதியில் நிறுத்தினார்.

"அம்மா உண்மையிலேயே சிரித்தாரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஓம்" என்றேன், அவருக்குத் தமிழ் தெரியாது என்பதையே மறந்து. அவருக்கு அது விளங்கியது. அதன்பிறகுதான் அழுதார்.

அந்தப் புல்லில் கிடந்தபடி அந்த அம்மா பேசியதெல்லாம் மகளுக்கானதாகவே இருந்திருக்கும். கேட்க இருந்தவள் நான், எனக்குத் தெரிந்ததோ அதில் ஒரேயொரு சொல், அதுவும் பிழையாக.