அமலா நோட்டில் எழுதிய கடைசி வரி

போன மாதம் ஒரு வியாழக்கிழமை மதியம் கடையில் என் போன் அடித்தது. திரையில் அமலாவின் பெயர். எடுத்த எடுப்பிலேயே, "என்னம்மா, கிடைச்சுதா?" என்றேன். மறுமுனையில் யாரோ ஓர் ஆண், "இந்த போனு யாருதுங்க? இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். கூட வேலை பார்ப்பவர் என்று சொன்னேன். அவர், பெரம்பலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த டிப்பர் லாரி ஸ்கூட்டரில் மோதிவிட்டது, ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது என்றார். "வூட்டு ஆளுங்களுக்குச் சொல்லிடுங்க சார்" என்று வைத்துவிட்டார்.

அமலாவின் கணவர் ஆரோக்கியம் தையல்காரர். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில்தான் அவர் கடை. நான் போய்ச் சொன்னபோது ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சட்டையை மடித்து வைத்துவிட்டுத்தான் எழுந்தார்.

சர்ச்சில் நடக்கும் முப்பதாம் நாள் பூசைக்கு அச்சடிக்கும் அட்டையில் போட நாலு வரி எழுதித் தரும்படி அவர்தான் என்னைக் கேட்டார். எழுத உட்கார்ந்தேன். நாலு வரியில் அடங்கவில்லை. அடங்காததற்குக் காரணம் அமலாவின் பெருமை மட்டுமல்ல. கடைசிவரை படித்தால் தெரியும்.

அமலோற்பவம் என்பது அவர் முழுப் பெயர். அரியலூரில் என்னுடைய லேப்டாப் பழுதுபார்க்கும் கடையில் பதினோரு வருடம் வேலை பார்த்தார். நான் டி.வி. மெக்கானிக்காக இருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவன். எனக்கு முன்கோபம் உண்டு என்பது ஊருக்கே தெரியும். அவர் வேலை கேட்டு வந்த அன்று, பொம்பளைக்கு இந்த வேலை சரிப்படுமா என்று முகத்துக்கு நேரே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. மேசைக்குக் கீழே நான் ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு லேப்டாப்பைக் காட்டி, "இதுக்கு என்னங்க?" என்றார். செத்துப்போன மெஷின், எதைச் செய்தாலும் விளக்கு எரியவில்லை என்றேன்.

அவர் அதை எடுத்து மேசையில் வைத்தார். சார்ஜரை உருவினார். அடிமூடியைத் திறந்து பாட்டரியைக் கழற்றினார். பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். நான் நடுவில் ஏதோ பேச வாயெடுத்தேன். ஒரு விரலை உயர்த்தி என்னை நிறுத்தினார். முப்பது வரை எண்ணி முடித்தார். மெமரியைக் கழற்றி, கால்களை அழிரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகினார். பாட்டரியை மாட்டிப் பட்டனைத் தொட்டார். விளக்கு எரிந்தது. ஃபேன் சுற்றியது. எனக்கு எரிச்சலாக வந்தது என்பதை மறைக்க மாட்டேன். மறுநாளே வேலைக்கு வரச் சொன்னேன்.

"உள்ளுக்குள்ள தேங்கி நிக்கிற கரண்டு வடியணும்ணே. அது வடியுறவரைக்கும் நாம என்ன பண்ணாலும் அது கேக்காது" என்று பிறகு ஒருநாள் விளக்கினார். எந்த மெஷின் வந்தாலும் முதலில் அந்த முப்பது எண்ணிக்கைதான். கூட்டமாக இருக்கும் நாளில் நான் கத்துவேன். அவர் எண்ணிக்கையை விடமாட்டார்.

ஆரம்பத்தில் வருகிறவர்கள் எல்லாரும் அவரைத் தாண்டி எட்டிப் பார்த்து, "மெக்கானிக் இல்லீங்களா?" என்பார்கள். "மெக்கானிக் நான்தாங்க. கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு, சொல்லுங்க" என்பார் அமலா. டாக்டர் கேட்பதுபோல அதை ஒருவரிடமும் கேட்காமல் விட்டதில்லை. செந்துறைக்காரர் ஒருவர், பெண்பிள்ளை கையில் கொடுக்க மாட்டேன் என்று பையோடு திரும்பிப் போனார். நாலாம் நாள் அதே பையோடு வந்தார். அமலா ஒன்றுமே நடக்காததுபோல, "வாங்க, கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு?" என்றுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. வந்த ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு வரி. பெயர், ஊர், கோளாறு, காரணம். கடைசிக் கட்டத்தில் 'கை' என்று தலைப்புப் போட்டிருப்பார். பழுது யார் கையால் நேர்ந்தது என்பதை அங்கே எழுதுவார். பிள்ளை டீயைக் கொட்டியிருந்தால் பிள்ளை. மின்னல் இறங்கியிருந்தால் கரண்டு. நாங்கள் கெடுத்திருந்தால், கெடுத்தவர் பெயர்.

ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் கணக்கெழுதும் ஒருவர் தூசியடைத்த லேப்டாப்பைக் கொண்டுவந்திருந்தார். அமலா அதைச் சுத்தம் செய்யும்போது கை தவறித் திரை ஒயரின் முனை உடைந்துவிட்டது. தூசியால் போய்விட்டது என்று சொல்லிவிடலாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். அமலா என்னைப் பார்க்கவே இல்லை. "சார், இத உடைச்சது நான்தாங்க. ரெண்டு நாள் டைம் குடுங்க, மாத்திக் குடுத்துடுறேன்" என்றார். அவர் போனபிறகு நான் சத்தம் போட்டேன். "அவரு வூட்டுக்குப் போயி, தூசியில வேலை பாக்குறோமேன்னு தன்னையே திட்டிக்குவாருண்ணே. அந்தப் பாவம் நமக்கெதுக்கு?" என்றார். அந்த மனிதர் இன்றுவரை வேறு கடைக்குப் போனதில்லை.

ஆயுத பூஜை முடிந்த வாரம் எங்களுக்கு ஓயாத வேலை. எங்கள் பக்கத்தில் அரிவாளையும் மோட்டாரையும் துடைத்துச் சந்தனம் வைப்பதுபோல லேப்டாப்பையும் ஈரத்துணியால் துடைத்துப் பொட்டு வைத்துவிடுவார்கள். நானே அப்படித்தான். முதல் வருடம் கடையிலிருந்த மெஷின்களுக்கெல்லாம் நான் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்தபோது அமலா பதறி எழுந்தார். ஒவ்வொரு மூடியின் மேலும் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, "இப்ப இதுல வைங்கண்ணே. சாமிக்கும் குறையில்ல, மெஷினுக்கும் குறையில்ல" என்றார். பூஜை முடியும்வரை கைகட்டி நின்று, பொரிகடலையில் பெரிய பங்கைத் தான் எடுத்துக்கொண்டார்.

அந்த வாரத்துக்கென்று கடையில் ஒரு சட்டமும் போட்டார். பூஜைக்குப் பிறகு வரும் எந்த மெஷினிலும் எடுத்தவுடன் சார்ஜர் சொருகக் கூடாது. லென்ஸ் வைத்துத் துளையைப் பார்த்து, சுத்தம் செய்து, ஒரு நாள் காயவைத்துவிட்டுத்தான் கரண்டைக் காட்ட வேண்டும். பதினோரு வருடம் நானும் அதை மீறியதில்லை.

இந்த வருடம் பூஜை முடிந்த சில நாட்களில், அந்த வியாழக்கிழமை காலையில், ஆண்டிமடத்துப் பக்கமிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகள் கயல்விழி முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவர். தாய் பொன்னம்மாள் முந்திரிக்கொட்டை உடைக்கிறவர். விரல்களெல்லாம் அந்தக் கொட்டையின் பாலில் வெந்து கறுத்திருந்தன. பூஜையன்று அந்த அம்மாள் லேப்டாப்பின் மூடியில் மூன்று பொட்டும், சார்ஜர் துளையில் ஒரு பொட்டும் வைத்திருக்கிறார். "கரண்டு உள்ள போற எடம்னுதான் சார் அங்கயும் வச்சேன்" என்றார். பாட்டரி தீர்ந்துவிட்டது. சார்ஜர் உள்ளே போகவில்லை. நாலு வருட ஆய்வு முழுவதும் அதற்குள் இருந்தது. "பென் டிரைவுல மொத ரெண்டு இயல்தான் சார் இருக்கு. அடுத்த மாசம் குடுத்தாகணும்" என்று கயல்விழி சொன்னார். விலை குறைந்த மெல்லிய மாடல் அது. ஃபைல்களைச் சேமிக்கும் சில்லை போர்டோடு சேர்த்து ஒட்டியிருப்பார்கள். தனியே கழற்ற முடியாது. போர்டுக்கு உயிர் வந்தால்தான் உள்ளே இருப்பது கிடைக்கும்.

அமலா சர்ச்சில் காலைப் பூசைக்குப் போயிருந்தார். அரை மணியில் வந்துவிடுவார். நான் காத்திருந்திருக்கலாம். ஆனால் இதுக்கு ஒரு மெக்கானிக்கா, ஊசியால் சுரண்டினால் முடிந்தது என்று நினைத்தேன். சுரண்டினேன். மேலாக இருந்த சந்தனம் வந்தது. சார்ஜரைச் சொருகினேன். 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். பிறகு கருகல் வாடை.

"என்ன சார் சத்தம்?" என்றார் கயல்விழி. உள்ளே ஈரம் இருக்கிறது என்றேன். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அந்தத் தாயைப் பார்த்து, "சந்தனம் பூச இது என்ன அருவாளா? மக படிப்பையே கெடுத்து வச்சிருக்கீங்களேம்மா" என்று கத்தினேன். என் கை செய்ததை அவர் தலையில் ஏற்றிவிட்டேன். "எம்புள்ள படிக்கணும்னுதான சாமி வச்சேன்" என்று அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். இதில் விளக்கு எரியாமல் ஊருக்குப் போகமாட்டேன் என்று அழுதார்.

அமலா வந்தார். உள்ளே நுழைந்ததுமே ஜன்னலைத் திறந்துவிட்டார். அடிமூடியைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தார். கரண்டை உள்ளே வாங்கும் சின்னச் சில்லு, சார்ஜ் ஐ.சி., கருகியிருந்தது. என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நான் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொன்னம்மாளுக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "உங்க மேல தப்பே இல்லம்மா. உள்ள ஒரு ஐ.சி. போயிருக்கு, அவ்வளவுதான். எந்திரிங்க" என்றார். அந்த அம்மாள் எழவில்லை. சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார்.

பெரம்பலூரில் தெரிந்த கடையில் இதே மாடல் திரை உடைந்து கிடக்கிறது, அதிலிருந்து ஐ.சி.யைக் கழற்றி வருகிறேன் என்றார் அமலா. பஸ்ஸுக்குக் கிளம்பியவரை நிறுத்தி, "வண்டியிலயே போயிட்டு வந்துரும்மா, பஸ்ஸுக்கு நின்னா சாயங்காலம் ஆயிரும்" என்று சொன்னது நான். அந்தத் தாய் என் கண் முன்னால் அழுதுகொண்டிருப்பதை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் நிறுத்த வேண்டும் என்று இருந்தது. அமலா நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேண்ணே" என்றார். மதியம் அந்த போன் வந்தது.

அடக்கத்தின்போது எத்தனையோ பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் கடைக்காகவே உழைத்தாரே என்றார்கள். ஒருவரிடமும் நான் வாய் திறக்கவில்லை. பத்து நாள் கடையைத் திறக்கவும் இல்லை.

பதினோராம் நாள் ஆரோக்கியம் அவருடைய பையைக் கொண்டுவந்தார். "போலீசுல குடுத்தாங்கண்ணே. சோத்த பெரம்பலூர்லயே தின்னுட்டா போலருக்கு. டப்பாவுல இதுதான் இருந்துச்சு. கடைச் சாமானா பாருங்க" என்றார். எவர்சில்வர் டப்பா ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. உள்ளே குழம்புக் கிண்ணத்தில், பஞ்சுக்கு நடுவே, நகக்கண் அளவு ஐ.சி. ஒரு கால்கூட வளையவில்லை. ஆரோக்கியம் போனபிறகு நான் ஷட்டரை இறக்கிவிட்டு அழுதேன்.

அந்தப் பகல் முழுக்க அந்த ஒரே வேலையைச் செய்தேன். துளையைச் சுத்தம் செய்தேன். ஐ.சி.யை மாற்றினேன். பாட்டரியை மாட்டாமல், பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு முப்பது எண்ணினேன். பாட்டரியை மாட்டிப் பட்டனைத் தொட்டேன். விளக்கு எரிந்தது. ஐந்து இயல்களும் பத்திரமாக இருந்தன. எல்லாவற்றையும் படியெடுத்தேன்.

வேலை முடிந்ததை எழுத நோட்டைத் திறந்தேன். அமலா எழுதிய கடைசி வரி அங்கே இருந்தது. 'கயல்விழி, ஆண்டிமடம். பவர் இல்லை. சந்தனம் முழுதும் எடுக்காமல் சார்ஜர் போட்டதில் ஐ.சி. போய்விட்டது.' கடைசிக் கட்டத்தில், கை: அமலா.

பதினோரு வருடத்தில் அந்த நோட்டில் அவர் எழுதிய ஒரே பொய் அதுதான். எனக்காக எழுதியது.

கயல்விழியை போனில் கூப்பிட்டேன். மெஷின் சரியாகிவிட்டது என்றதும் அவர் அழுதார். பிறகு, "அம்மாவால வர முடியாது சார். பத்து நாளா சரியா சாப்புடல. நான் வச்ச பொட்டாலதான் அந்தம்மா செத்துட்டாங்கன்னு சொல்லிட்டே இருக்காங்க. அவங்க நெத்தியிலயும் இப்ப பொட்டு வச்சிக்கிறதில்ல" என்றார்.

மறுநாள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கொட்டை உடைக்கும் கொட்டகையிலேயே அந்த அம்மாளைப் பார்த்தேன். சார்ஜர் போட்டது நான், உங்கள் சந்தனத்தைத் துடைத்திருந்தால் போதும், மெஷின் அப்போது நன்றாகத்தான் இருந்தது, தெரிந்தேதான் உங்களைத் திட்டினேன் என்று நின்றபடியே சொன்னேன். அவர் கையிலிருந்த கொட்டையைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "அன்னிக்கே இத சொல்லியிருந்தீங்கன்னா, நான் அழுதுகிட்டு அங்கன ஒக்காந்திருக்க மாட்டேனே சார். நாளைக்கு வரோம்னு போயிருப்போமே. அந்தம்மா பஸ்ஸுல போயிருப்பாங்களே."

லேப்டாப்பை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

இதுவரை எழுதியதை ஆரோக்கியத்திடம் வாசித்துக் காட்டினேன். அவர் தையல் மிஷின் மேல் கையை வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். "இத அட்டையில போட எடம் இல்ல" என்றார். பிறகு, "பூசை முடிஞ்சதும் எல்லாருக்கும் முன்னாடி நீங்களே படிங்க. படிச்சுட்டு, கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதீங்கண்ணே" என்றார். அப்படியே செய்கிறேன்.

நோட்டு இப்போது என் முன்னால் விரிந்திருக்கிறது. அந்த வரியில் அமலா என்ற பெயரை அடித்துவிட்டு, பக்கத்தில் கைலாசம் என்று என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உங்கள் நோட்டில் இனிப் பொய் இல்லை, அமலா. போய் வாருங்கள் அம்மா.