“அசையாதீங்க” என்று சொன்னேன்

என் கணவருக்கு இடது கண்ணில் புற்றுநோய். திருத்தணியிலிருந்து தினமும் ரயிலேறிப் போய், சென்னையில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்துவருகிறார். தலை ஆடாமலிருக்க, வலை போன்ற முகமூடியை மாட்டி மேசையோடு பூட்டிவிடுவார்கள். பிறகு எல்லோரும் வெளியே வந்து கனமான கதவைச் சாத்துவார்கள். உடம்பில் ஒரு வயர்கூட இருக்காது. மேலிருக்கும் கேமராவே அவர் மூச்சையும் நாடியையும் கவனித்து வெளியிலுள்ள திரையில் காட்டும்.

“கஷ்டமா இருந்தா கையைத் தூக்குங்க” என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். எனக்குத்தான் பயம். அசைந்தால் கதிர் மூளையில் பட்டுவிடுமோ?

நான்காம் நாள் ரயிலிலேயே, “வயித்தப் பெரட்டிக்கினே இருக்குது” என்றார். சிகிச்சை அறை வாசலில் அவர் காதருகே, “இன்னா ஆனாலும் அசையாதீங்க” என்று சொல்லி அனுப்பினேன்.

சில நிமிடங்களில், திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் ஊழியர் பதறி எழுந்தார். “மூச்சு சரியில்ல, மெஷினை நிறுத்துங்க!”

கதவைத் திறந்து உள்ளே ஓடினார்கள். முகமூடியைக் கழற்றி அவரைப் பக்கவாட்டில் திருப்பியதும் குபீரென வாந்தி எடுத்தார். இன்னும் தாமதித்திருந்தால் மூச்சு அடைத்திருக்கும் என்றார் டாக்டர்.

“ஏங்க கையத் தூக்கல?” என்று அழுதேன்.

“நீதான அசையக்கூடாதுன்ன?”

கையைத் தூக்கினால் உடனே கதிரை நிறுத்திவிடுவோம் என்று அந்த ஊழியர் அப்புறம்தான் எனக்கு விளக்கினார். கதவு சாத்தும்போது இன்றும் எனக்குப் பயம்தான். ஆனால் என் பயத்தை இப்போது அவர் காதில் சொல்வதில்லை, ஊழியரிடமே கேட்டுவிடுகிறேன்.

- ஒரு வாசகி, கே.ஜி.கண்டிகை