மான் தலையை எங்கே கொழுவுவது?

மூன்று கிழமைக்கு முன் ஒரு ஞாயிறு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தேன். போன் அடித்தது. மகேன் அண்ணை.

"தம்பி, ட்ரில் மெஷினை எடுத்துக்கொண்டு ஒருக்கா வீட்டை வா."

என்னிடம் ட்ரில் மெஷின் இருப்பது ஸ்காபரோ முழுக்கத் தெரியும். சுவரில் ரீவி கொழுவ, சாமிப்படம் கொழுவ, கேர்ட்டின் கம்பி பூட்ட... கூப்பிடுவார்கள். போவேன். ஓட்டை போடுவேன். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிடுவேன். அதிகம் கதைக்கமாட்டேன். அதனால்தான் கூப்பிடுகிறார்களோ தெரியாது.

மல்வேர்னில் இருந்து பக்கத்து நகரமான மார்க்கத்துக்குக் காரை விட்டேன்.

மகேன் அண்ணை எங்கள் ஊர் ஆள். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆளைத் தெரிந்தவர்கள் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.) கனடாவுக்கு வந்த புதிதில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். இப்போது கடைகள், பெரிய வீடு, பெரிய வாகனம். எல்லாம் உழைத்தது. அதில் எனக்கு ஒரு சொல் இல்லை.

ஆனால் போன கோடையில் தென்னாபிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனார் பாருங்கள்... அதில்தான் எனக்குச் சொல் இருக்கிறது.

வேட்டை என்றதும் காட்டுக்குள் அலைந்தார் என்று நினைக்காதீர்கள். வேலி போட்ட பண்ணை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கொட்டில். உள்ளே கதிரை, கோப்பி. முறுக்குக் கொம்பு வைத்த பெரிய மான் ஒன்று தண்ணீர் குடிக்க வருகிறது. கூட நிற்கிற வெள்ளைக்காரன் தோளைத் தட்டுகிறான். இவர் சுடுகிறார். பிறகு செத்த மானின் கொம்பைப் பிடித்துக்கொண்டு பல் தெரியப் படம்.

மான் தாகத்துக்கு வந்தது. இவர் எதற்குப் போனார்?

துவக்குச் சத்தத்துக்கு ஊரை விட்டு ஓடி வந்த சனம் நாங்கள். அதில் ஒருவர் காசு கட்டி, பிளேன் ஏறி, துவக்குச் சத்தம் கேட்கப் போயிருக்கிறார்.

நீ ஆட்டிறைச்சி தின்னுறாய்தானே என்று சிலர் எனக்கு எழுதுவீர்கள். ஓம், தின்கிறேன். தலையையும் சேர்த்துத்தான் தின்கிறேன். கொழுவுவதில்லை.

நான் போனபோது வரவேற்பறையில் மகாநாடு நடந்துகொண்டிருந்தது. மகேன் அண்ணை. அவருடன் வேட்டைக்குப் போய் வந்த ரவி. ரவி வீடு விற்றுக் கொடுக்கிற ஏஜென்ட். மூலைக் கதிரையில் மகேன் அண்ணையின் மனைவி, பவானி அக்கா. கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வா தம்பி. நீயும் ஒரு முடிவு சொல்லு. தலையை எங்க பாடம் பண்ணுறது? அங்கயோ, இஞ்சயோ?"

விசயம் இதுதான். மானின் தோலும் கொம்பும் உப்புப் போட்டு இன்னும் அந்தப் பண்ணையில் கிடக்கின்றன. அங்கேயே ஆள் பிடித்துத் தலையாகச் செய்து, பெட்டியில் அடைத்துக் கப்பலில் எடுக்கலாம். அல்லது தோலையும் கொம்பையும் அப்படியே எடுப்பித்து, இங்கே வடக்கே ஒரு வெள்ளைக்காரரிடம் கொடுத்துச் செய்யலாம்.

"இஞ்சதான் நல்லம் அண்ணை," என்றார் ரவி. "போய் நிண்டு பாக்கலாம். மூக்குச் சரியில்லை, காது சரியில்லை எண்டு சொல்லலாம்."

"அதுதான் எனக்கும் யோசினை. அங்க விட்டா வேற ஆரோ சுட்ட மானை எனக்கு அனுப்பிப்போட்டாங்கள் எண்டா?"

கீரைக்குள் இருந்து ஒரு குரல்.

"ஏன், உங்கட மான்ர முகம் உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?"



ரவி போனைத் தட்டி, செய்கிற விதத்தை வாசித்துக் காட்டினார். உள்ளே வைப்பது ஃபோம். கண் கண்ணாடி. மூக்குக்குப் பெயின்ட். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போ அதில் மான் எவ்வளவு? தோலும் கொம்பும். இதற்கா இவ்வளவு பாடு?

"அங்க செய்யிறதெண்டா எவ்வளவு காலம் எடுக்கும்?" என்று கேட்டார் பவானி அக்கா.

"ஒரு வருசத்துக்கு மேல வரும்."

"இஞ்ச?"

"அவ்வளவு எடுக்காது. கெதியா முடிச்சிடுவினம்."

"அப்ப அங்கயே செய்யுங்கோ."

மகேன் அண்ணையின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியே தம்பி, அக்காவுக்கும் இப்ப இன்ரஸ்ட் வந்திட்டுது!"

இன்ரஸ்ட்டா? நான் பவானி அக்காவைப் பார்த்தேன். அவர் கீரையைப் பார்த்தார்.

அங்கே செய்வது என்று முடிவாகிவிட்டது. அடுத்தது சுவர். தலை வரமுதலே ஆணி பூட்டி வைக்கத்தான் ட்ரில் மெஷினோடு என்னைக் கூப்பிட்டிருக்கிறார். மான் இடப்பக்கம் பார்க்க வேண்டுமா, வலப்பக்கம் பார்க்க வேண்டுமா, சுவர் எவ்வளவு உயரம் என்று செய்கிறவன் முதலே கேட்பானாம். கொம்போடு சேர்த்தால் ஓர் ஆள் உயரம் வரும் என்கிறார்கள். அந்த வீட்டில் அதற்குத் தோதான சுவர் ஒன்றே ஒன்று. வரவேற்பறையில் ஃபயர்பிளேசுக்கு மேலே.

அதில் ஏற்கெனவே ஒரு படம் இருந்தது.

பவானி அக்காவின் தம்பி. அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தது. வேறு படம் இல்லை. சண்டைக் காலத்தில் ஊரில் பாண் வாங்கச் சைக்கிளில் போனவன். சந்தியில் சுட்டுவிட்டார்கள். சுட்டது யார் என்று இன்றைக்கும் தெரியாது. படத்துக்கு மாலை. கீழே ஒரு சின்னச் சிவப்பு பல்ப், இரவு பகலாக எரியும்.

ரவிக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே எழும்பினார்.

"ஃபயர்பிளேசுக்கு மேல ஒரு தலை இருந்தா வீட்டின்ர லுக்கே வேற அண்ணை. விக்கேக்க விலையும் ஏறும்." சொல்லிக்கொண்டே படத்தைக் கழற்றக் கையை நீட்டினார். அளக்க வேண்டுமாம்.

"கையை எடும் ரவி."

பவானி அக்கா சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ரவி கையை எடுத்துவிட்டார்.

மகேன் அண்ணை தொண்டையைச் செருமினார். "பவானி, தம்பியை மேல ஹோல்வேயில வைப்பம். அங்க நல்ல வெளிச்சம்."

"அப்ப உங்கட மானை ஹோல்வேயில வையுங்கோவன்."

"கொம்பு இடிக்குமப்பா."

கொம்பு இடிக்குமாம்! எனக்கு வாயில் வந்தது. விழுங்கிவிட்டேன். ட்ரில் மெஷினை நிலத்தில் வைத்துவிட்டு நின்றேன். அவர் ஓட்டை போடச் சொன்னாலும் போடுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பவானி அக்கா கீரைச் சட்டியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார்.

"சரி. கொழுவுங்கோ."

எங்களுக்கு நம்பமுடியவில்லை.

"கொழுவுங்கோ. தம்பிக்குப் பக்கத்தில கொழுவுங்கோ. இந்த வீட்டுச் சுவரில இருக்கிற செத்த ஆக்களுக்கு நான் மாலை போடுறன், லைட் போடுறன். உதுக்கும் போடுவன். வருசம் முடியத் திவசம் செய்வன். ஐயரைக் கூப்பிட்டு, சனத்துக்குச் சொல்லி, மரக்கறிச் சாப்பாடு குடுப்பன். வாற சனம் எப்பிடிச் செத்தது எண்டு கேக்கும். நீங்கள்தான் பதில் சொல்லோணும்."

ரவி சிரித்தார்.

"நான் பகிடி விடேல்லை ரவி."

ரவியின் சிரிப்பு நின்றுவிட்டது. பவானி அக்கா சொன்னால் செய்கிற ஆள். ஒருமுறை தம்பியின் திவசத்தன்று பனி கொட்டி றோட்டெல்லாம் அடைபட்டுப் போனது. ஐயர் வரமுடியாது என்றார். இவர் காரை எடுத்துக்கொண்டு போய் ஐயரை வீட்டு வாசலில் வைத்து ஏற்றி வந்தவர். அது மகேன் அண்ணைக்கும் தெரியும்.

"பேசாமக் கீழ பேஸ்மென்ரில வைப்பமே அண்ணை?" என்று மெல்லக் கேட்டார் ரவி.

"பேஸ்மென்ரிலயும் லைட் எரியும்."

மகேன் அண்ணை சுவரைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நாலு பேருக்கு முன்னால், வாழையிலைக்கு முன்னால் இருந்து, தண்ணீர் குடிக்க வந்த மானைக் கொட்டிலுக்குள் ஒளித்திருந்து சுட்ட கதையை வருசா வருசம் சொல்கிற தன்னை... அவர் அப்போதுதான் பார்த்திருக்க வேண்டும். படம் எடுக்கும்போது வராத வெட்கம் அப்போது வந்தது. காது சிவந்தது.

"தேத்தண்ணி போடு பவானி," என்றார்.

தேத்தண்ணி குடித்தோம். மானைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. ரவி வீட்டு விலைகளைப் பற்றிக் கதைத்தார். நான் ஓட்டை போடாமல் திரும்பி வந்தேன்.

வேட்டை என்பது ஒரு காலத்தில் பசிக்கு. இப்போது சுவருக்கு. தன் வீரத்தை மற்றவன் பார்க்க வேண்டும் என்றால் அதற்கு ஆணி வேண்டியிருக்கிறது. அப்படி என்ன வீரம் அது? எங்கள் சனத்தில் உண்மையிலேயே பயத்தை வென்ற ஆட்கள் இருக்கிறார்கள். கேட்டால்கூட வாய் திறக்கமாட்டார்கள். இவருக்கோ ஃபோம் அடைத்த தலை வேண்டுமாம், கதை சொல்ல.

புதன்கிழமை மகேன் அண்ணை போன் எடுத்தார்.

"தம்பி, அங்கயே பாடம் பண்ணி அங்கயே வைக்கச் சொல்லிப்போட்டன். பண்ணைக்காரன் தன்ர சாப்பாட்டு மண்டபத்தில கொழுவுவானாம். அதுக்கும் அது நல்லம்தானே. அதின்ர நாடு."

அதன் நாடு என்பது சுடும்போது தெரியவில்லையா என்று கேட்கவில்லை. ஓம் என்றேன்.

"இனி வேட்டை இல்லை. வாற வருசம் மீன் பிடிக்கப் போறன். பிடிச்சு, படம் எடுத்திட்டு, உயிரோட திரும்பத் தண்ணிக்குள்ள விட்டிடுவன்."

"அக்காவிட்டைக் கேட்டனீங்களோ?"

"அவள்தான் சொன்னவள்."